அத்தியாயம் 5: ஊருக்கு உதவும் சபை

சபை தன் அங்கத்தினர்களை எப்படிப் பராமரிப்பது என்று இதுவரை பார்த்தோம். இனி, ஆலயச் சுற்றுச்சுவருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம். ஆலய மணியைத் தினமும் கேட்கிறவர்கள், ஆனால் ஒரு நாளும் ஆலயத்துக்குள் வராதவர்கள் அவர்கள். நம் சபையால் அவர்களுக்கு என்ன பயன்?

இப்படிக் கேட்டால் பல சபைகள் கிறிஸ்துமஸ் மாதத்தைக் காட்டும். ஏழைகளுக்குச் சேலை, வேட்டி, பிரியாணிப் பொட்டலம், மேடையில் ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை. கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஜனவரியில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைகிறவருக்கும், மார்ச்சில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கும், ஐப்பசி மழையில் வீடு ஒழுகுகிறவருக்கும் டிசம்பர் சேலை உதவாது. ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், நிபந்தனை எதுவும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் விடாமல் நடக்கும் ஒரு சிறிய வேலையால்தான் சபை ஊருக்குப் பயன்படுகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒன்றைச் செய்வதற்கான வழிமுறைதான்.

சேகர குருவானவர், சபை ஊழியர், கமிட்டி அங்கத்தினர், பெண்கள் ஐக்கிய சங்கத்தார், வாலிபர் சங்கத்தார் எல்லோரும் சேர்ந்து இதைப் படிப்பது நல்லது. இங்கே சொல்லப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவை. உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முன்னோர் காட்டிய வழி

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இது புதிய பாடமல்ல. தரங்கம்பாடியில் 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு, மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பாளையங்கோட்டைக்கு 1820ல் வந்த ரேனியஸ் ஐயர், விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830ல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா கால்டுவெல் அந்தக் கைத்தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். சொந்தக் கையால் சம்பாதித்த காசு அந்தப் பெண்களுக்கு வீட்டிலும் தெருவிலும் ஒரு மதிப்பைத் தந்தது. நாசரேத்துக்கு 1876ல் வந்த மர்காசிஸ் ஐயர் தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில் வேலையைத் தொடங்கியவர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார். அவர்கள் வளர்ந்து பிழைக்க வேண்டுமே என்று கைத்தொழிற் பள்ளியையும் ஏற்படுத்தினார். பாளையங்கோட்டையில் இன்று பெயர்பெற்று விளங்கும் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சில பிள்ளைகளோடு ஆரம்பித்தவை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ல் தொடங்கிய மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு படுக்கை.

இவர்கள் எல்லோரும் கண்ணெதிரே இருந்த ஒரு தேவையைப் பிடித்துக்கொண்டார்கள். சிறிதாக ஆரம்பித்தார்கள். பண்டிகை, பஞ்சம் என்று பார்க்காமல் தினமும் செய்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அன்று சபையின் மடியில் பிறந்த பள்ளியும் ஆஸ்பத்திரியும் வளர்ந்து திருமண்டலத்தின் நிறுவனங்களாயின. நிர்வாகம் மேலே போயிற்று. ஊருக்குச் செய்வதைத் திருமண்டலம் பார்த்துக்கொள்ளும் என்று சபை ஞாயிறு ஆராதனையோடு நின்றுகொண்டது. நூறாண்டு கண்ட பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். அதே தெருவில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. நிறுவனங்கள் இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ளும் வேலை சபையுடையது.

முதல் படி: ஊரைக் கேளுங்கள்

எருசலேமின் அலங்கத்தைக் கட்ட வந்த நெகேமியா, வந்த அன்றே கூட்டம் போடவில்லை. மூன்று நாள் பொறுத்திருந்து, இரவில் சிலரோடு போய் இடிந்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார். ஊருக்கு என்ன தேவை என்று கமிட்டி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

ஆலயத்தைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராக, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, சனிக்கிழமை மாலைகளில் வீடு வீடாகப் போங்கள். கையில் ஒரு நோட்டு மட்டும் போதும். கைப்பிரதி வேண்டாம், போட்டோவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இந்தத் தெருவில் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் பெரிய கஷ்டம் எது?
2. எந்த வேலைக்காக நீங்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கிறது?
3. எங்கள் ஆலயத்தால் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. “அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்” என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், “அதிகாலையில போடுற மைக் சத்தம்தான்… பிள்ளை படிக்குது” என்று ஒரு அம்மா மெதுவாகச் சொல்வார். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாசலை மறித்து நிற்கும் கார்களைச் சொல்வார். இவற்றை எழுதிக்கொண்டு வந்து, அடுத்த ஞாயிறே சரிசெய்யுங்கள். ஒலிபெருக்கியைக் குறைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. உங்கள் சபை ஊருக்குச் செய்யும் முதல் உபகாரம் அதுவாகவே இருக்கலாம்.

தெருவை நன்றாக அறிந்த இன்னும் சிலர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், ரேஷன் கடைக்காரர், தூய்மைப் பணியாளர், ஊராட்சித் தலைவர், கோயில் நிர்வாகி, ஜமாஅத் செயலாளர் ஆகியோரையும் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நம் சபையார் இதில் கலந்துகொள்வது அபூர்வம். கமிட்டியிலிருந்து இரண்டு பேராவது ஒவ்வொரு முறையும் போய் உட்காருங்கள். ஊரின் குடிநீரும் சாலையும் நமக்கும் உரியவைதானே.

இரண்டாம் படி: கையில் இருப்பதை எழுதுங்கள்

“நம்மகிட்ட பணம் எங்க இருக்கு?” என்ற பேச்சு எந்தக் கமிட்டியிலும் எழும். பணத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்:

- வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் ஆலய மண்டபம், அதிலுள்ள பெஞ்சு, மின்விசிறி, விளக்கு, கழிப்பறை.
- அசன விருந்துக்கு வைத்திருக்கும் அண்டாக்கள், கரண்டிகள், ஜமுக்காளங்கள், ஜெனரேட்டர்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், வங்கி ஊழியர்கள், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள்.
- கல்லூரியில் படிக்கிற வாலிபர்கள், அவர்கள் கையில் இருக்கும் செல்போன்.
- வாரந்தோறும் தவறாமல் கூடுகிற ஜனம்.

ஊரில் வேறு எந்த அமைப்பிடமும் இவ்வளவும் ஒரே இடத்தில் இருப்பது அரிது. குறிப்பாக ஓய்வுபெற்றவர்களைக் கவனியுங்கள். முப்பது வருஷம் அலுவலகத்தில் கோப்பு எழுதிய ஒருவருக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை காணிக்கைப் பை பிடிப்பது மட்டும் என்றால், அவருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

மூன்றாம் படி: ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

கீழே நான்கு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. நான்கையும் ஒரே சமயத்தில் தொடங்காதீர்கள். ஊர் சொன்னதையும் கையில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து ஒன்றை எடுங்கள். அது ஒரு வருஷம் தடையில்லாமல் நடந்த பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.

*விண்ணப்ப மேசை*

அரசு உதவிகள் பல இருக்கின்றன. அவை கிடைக்க வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு காகிதம்தான். சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஆலய வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, இணைய வசதியுள்ள ஒரு செல்போன், ஒரு பதிவேடு இருந்தால் போதும்.

ஓர் ஆச்சி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பையிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எப்போதோ கொடுத்த மனுவின் ஜெராக்ஸ் எல்லாம் மடித்தது மடித்தபடி வெளியே வருகின்றன. “தம்பி, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன், வரவே இல்லை” என்கிறார். மேசையில் இருப்பவர் உடனே புது மனு எழுத ஆரம்பிக்கக் கூடாது. ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் இசக்கியம்மாள், மற்றதில் இசக்கி என்று இருக்கும். பிறந்த வருஷம் தவறாகப் பதிந்து, ஆச்சிக்கு இன்னும் 60 ஆகவில்லை என்று ஆதார் சொல்லும். பதிந்திருக்கும் செல்போன் எண் பேரனுடையதாக இருக்கும், பேரன் திருப்பூரில் இருப்பான். முதலில் ஆதார் திருத்தம், பிறகு வங்கியில் திருத்தம், அதற்குப் பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பம், அடுத்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று வரிசை இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இந்த வரிசையில் தனியாக நிற்க முடியாது. “திங்கக்கிழமை காலையில நானும் கூட வாரேன் ஆச்சி” என்று ஒருவர் சொல்வதில்தான் காரியம் இருக்கிறது.

மேசையில் இருப்பவர்களுக்குச் சில விதிகள்:

- பதிவேட்டில் தேதி, பெயர், தெரு, தேவை, விண்ணப்ப எண், மறுபடி விசாரிக்க வேண்டிய நாள் ஆகிய ஆறு கட்டங்கள் போதும். சாதி, மதம் எழுத அதில் கட்டம் வேண்டாம்.
- ஆதார் நகலை ஆலயத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை அவர் கண் முன்னாலேயே பயன்படுத்துங்கள். கைரேகை வாங்காதீர்கள்.
- யாரிடமும் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். “அவனுக்குக் கொடுத்தால் முடியும்” என்று எந்த இடைத்தரகரையும் காட்டாதீர்கள்.
- கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கிடைக்காவிட்டால், ஏன் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

நம் சபையாருக்கே தெரியாத ஒரு செய்தியும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதிகள் பட்டியலில் சேரமாட்டார்கள். ஆனால் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தமிழ்நாட்டு அரசு கல்வி உதவித்தொகை வழங்குகிறது. இது தெரியாமல் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. ஜூன் மாதத்தில் மேசையின் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

மேசைக்கு மேலே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இந்த எண்களை எழுதி மாட்டுங்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416.

*மாலைப் படிப்பு*

ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்கிற பிள்ளைக்கு, மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் உள்ள ஓர் இடம்தான் முதல் தேவை. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6 மணி முதல் 7.30 மணி வரை மண்டபத்தைத் திறந்துவையுங்கள். ஒரு ஆசிரியரும் இரண்டு கல்லூரி மாணவர்களும் இருந்தால் இருபது பிள்ளைகளைக் கவனிக்கலாம். ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தும் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைத் தனியாக உட்காரவைத்து, தினமும் பத்து நிமிஷம் வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். பரீட்சை முடிந்ததும் மூடிவிடாதீர்கள். மே மாதத்தில்தான் பிள்ளைகள் படிப்பைவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளி வேறு, மாலைப் படிப்பு வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். வேதபாடம் ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். இங்கே கணக்கும் அறிவியலும் மட்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் சமரசமே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியாக வீட்டுக்கோ குருமனைக்கோ அழைக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருப்பதாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபையின் மானம் போய்விடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது குற்றம், பாவமும்கூட.

*தனித்திருக்கும் முதியோர்*

மகன் சென்னையில், மகள் பெங்களூரில், பேரன் துபாயில். ஊரில் பெரிய வீடும் இரண்டு கிழடுகளும் என்பது இன்று எல்லாத் தெருவிலும் உள்ள நிலைமை. பணம் அனுப்பப் பிள்ளைகள் இருந்தாலும், கீழே விழுந்தால் தூக்க ஆள் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கம் இதை எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கு ஐந்து வீடு என்று பிரித்து, வாரம் ஒரு நாள் போய்வாருங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா, கண் புரைக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமா, பிள்ளைகள் போனில் பேசினார்களா என்று விசாரியுங்கள். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. அந்தப் பணியாளர் இவர்கள் வீட்டுக்கு வருகிறாரா என்று பாருங்கள். எந்த மதத்து வீடு என்று பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்பதும் ஊழியமே.

இதோடு சேர்த்து, வாலிபர் சங்கம் ரத்ததானம் செய்வோர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளியும் பெண்களுக்கு நான்கு மாத இடைவெளியும் வேண்டும். பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றும் இருந்தால் நடு இரவிலும் ஒருவரை அனுப்ப முடியும்.

*மழைக்கும் வெள்ளத்துக்கும் ஆயத்தம்*

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று கடலோரத்தில் உயிர் தப்பிய ஜனங்கள் ஓடிப்போய் ஒதுங்கிய இடங்களில் ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தபோது, பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். மீட்புப் படை வந்துசேரும் வரை பக்கத்து ஊர்தான் துணை.

ஆகவே புரட்டாசிக்குள் இவற்றைச் செய்துவையுங்கள்: ஆலயமோ மண்டபமோ மேட்டில் இருக்கிறதா, எத்தனை பேர் தங்கலாம் என்று பார்த்து ஊராட்சியிலும் தாலுகா அலுவலகத்திலும் எழுதிக்கொடுங்கள். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு டீசல், இரண்டு நாளுக்கு அரிசி பருப்பு, குடிதண்ணீர் கேன், குளோரின் மாத்திரை, கயிறு, டார்ச், சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்குப் பால் பவுடர் வாங்கி வையுங்கள். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் இருக்கும் வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும்போது முதலில் ஆள் போக வேண்டியது அங்கே.

அசனத்திலிருந்து கற்க வேண்டியது

ஆயிரம் பேருக்குச் சமைக்க ஆள் எங்கே என்று கேட்கிறவர்கள், நெல்லை, தூத்துக்குடிச் சபைகளின் அசனத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே ஆண்கள் கூடி வட்டமாக உட்கார்ந்து காய் வெட்டுகிறார்கள். விறகடுப்பு வரிசையாக எரிகிறது. வெந்த சோற்றை வடித்துப் பாயில் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள். ஒருவர் உப்புப் பார்க்கிறார், ஒருவர் கணக்கு எழுதுகிறார், பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடுகிறார்கள். அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள் எந்த மதத்தவரானாலும் வந்து சாப்பிட்டு, தூக்குவாளியிலும் வாங்கிப் போகிறார்கள். யாரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை.

இந்தத் திறமை வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வெளிப்பட வேண்டியதில்லை. அசனக் கமிட்டியே பேரிடர்ச் சமையல் குழுவாக இருக்கலாம். அசனத்தில் மிஞ்சும் தொகை மாலைப் படிப்புச் சுண்டலுக்குப் போகலாம். பக்கத்துத் தெருக்காரர்களைச் சாப்பிட அழைப்பதோடு நிறுத்தாமல், காய் வெட்டவும் பரிமாறவும் அழையுங்கள். சேர்ந்து வேலை செய்தவர்கள்தான் ஆபத்தில் ஒருவரையொருவர் தேடுவார்கள்.

நிபந்தனை கூடாது

நல்ல சமாரியன், குற்றுயிராய்க் கிடந்தவனின் மார்க்கம் எது என்று விசாரிக்கவில்லை. காயம் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவை ஏற்றுக்கொண்டான்.

உதவி வாங்க வந்தவரை ஜெபத்துக்கு உட்காரவைக்காதீர்கள். மாலைப் படிப்புக்கு வரும் பிள்ளையிடம் ஞாயிறு ஆராதனைக்கு வா என்று நெருக்காதீர்கள். வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு கைப்பிரதி வைக்காதீர்கள். வாங்குகிறவர் முகத்தைப் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். நம்மை நம்பி வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னவரிடம், அந்தக் கஷ்டத்தை ஆதாயமாக்குவது அன்பல்ல. அவர்களாகவே “எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று கேட்டால் மனமாரச் செய்யுங்கள். உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கேட்கும் உரிமை அவர்களுடையது.

தேர்தல் காலத்தில் இந்த வேலைகள் எதிலும் எந்தக் கட்சிக்காரருக்கும் மேடை கொடுக்காதீர்கள்.

முதலில் உள்ளே சரிசெய்யுங்கள்

ஊருக்குச் சமாதானம் சொல்லப் போகிற சபைக்குள் சாதி இருந்தால் அந்த வேலை நிலைக்காது. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் நிற்கிற இடங்கள் இன்னும் உண்டு. ஒரு தெருவுக்குத் திருவிழா ஊர்வலம் போகாது, ஒரு தெருக்காரர் கமிட்டிக்கு வர முடியாது என்ற நிலைமையும் உண்டு. ஊரார் இதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அந்தச் சுவரை இடிக்காமல் எந்தச் சேவையைத் தொடங்கினாலும், அது ஒரு சாதியின் சேவையாகத்தான் பார்க்கப்படும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடப்பட்டார்கள் என்று முறைப்பாடு வந்தது. ஆதிச் சபை அதை மறைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தது. அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. உங்கள் ஊர் வேலைக்கான குழுவை அமைக்கும்போது இதையே செய்யுங்கள். இதுவரை கமிட்டியில் இடம் பெறாத தெருவிலிருந்தும், பெண்களிலிருந்தும், வாலிபரிலிருந்தும் பாதிப் பேரையாவது எடுங்கள்.

பணமும் கணக்கும்

மேலே சொன்ன வேலைகளுக்குப் பெரிய தொகை வேண்டாம். தென் மாவட்டச் சபைகளில் பெண்கள் சமையலுக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியாக ஒதுக்கிக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அந்தப் பிடி அரிசி இன்றும் அவர்கள் ஊழியத்தைத் தாங்குகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறுக் காணிக்கையை ஊர் வேலைக்கென்று ஒதுக்கினால் தொடங்கப் போதுமானது.

கணக்கு விஷயத்தில் மூன்று கட்டளைகள். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இருவர் ஒரே குடும்பத்தாராக இருக்கக் கூடாது. வரவு செலவை மாதந்தோறும் ஆலய வாசலில், வெளியாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். உரிய அரசுப் பதிவு இல்லாத சபை அயல்நாட்டு நன்கொடையைத் தொடக் கூடாது. அதுபோலப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. நல்ல எண்ணம் சட்டத்துக்கு மாற்றாகாது.

முதல் ஆறு மாதம்

- முதல் மாதம்: தெருக்களில் கேட்டு வருதல். ஒலிபெருக்கி, வாகன நிறுத்தம் போன்ற தொந்தரவுகளை நீக்குதல்.
- இரண்டாம் மாதம்: கேட்டவற்றைச் சபையாருக்கு வாசித்துக் காட்டுதல், ஒரு வேலையைத் தீர்மானித்தல், ஏழு பேர் குழுவை நியமித்தல்.
- மூன்றாம் மாதம்: குழுவுக்குப் பயிற்சி. இ-சேவை மையம், அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய இடங்களுக்குப் போய் அறிமுகமாகுதல்.
- நான்காம் மாதம்: தொடக்கம். விழா, பேனர், சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து உட்காருங்கள்.
- ஐந்தாம் மாதம்: யாரும் வராத நாளிலும் நேரம் முடியும் வரை இருங்கள். முதல் வாரங்களில் ஊர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.
- ஆறாம் மாதம்: முதலில் கேட்ட வீடுகளுக்கே திரும்பப் போய், என்ன மாறியிருக்கிறது, இன்னும் என்ன குறை என்று விசாரித்தல். கணக்கையும் அனுபவத்தையும் சபையில் ஒளிவில்லாமல் சொல்லுதல்.

குருவானவர் மாற்றலாகிப் போனதும் வேலை நின்றுவிடும் சபைகள் பல. ஆகவே பொறுப்பை ஆரம்பத்திலிருந்தே குழுவிடம் வையுங்கள். குருவானவர் உற்சாகப்படுத்தட்டும், சாவி சபையாரிடம் இருக்கட்டும்.

கமிட்டியில் பேச

1. நம் ஆலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும், நம் சபையைச் சேராத பத்துக் குடும்பங்களின் பெயர் நமக்குத் தெரியுமா?
2. சென்ற ஆண்டு வரவு செலவில், சபையாருக்கு வெளியே செலவழித்தது எவ்வளவு?
3. நம் சபையில் இதுவரை பொறுப்புக் கிடைக்காத தெரு எது?
4. எந்தக் கிழமை, எந்த நேரம் நம் கதவைத் திறந்துவைக்க முடியும்? யார் இருப்பார்கள்?

முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் சங்கடமாக இருந்தாலும் நான்காவதில் நில்லுங்கள். இந்த மாதக் கமிட்டிக் கூட்டம் முடிவதற்குள் ஒரு கிழமையையும், ஒரு நேரத்தையும், இருவர் பெயரையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மற்றவை அதற்குப் பின்னால் வரும்.